யூக்கம்பீன் ஏரிக்கரையில் காலடி மீன்

முதல் இரண்டு தடவையும் வெறுங்கையோடுதான் திரும்பினேன். சிட்னியில் எங்கள் வீட்டிலிருந்து யூக்கம்பீன் நீர்த்தேக்கத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேர ஓட்டம். கான்பராவைத் தாண்டி, கூமாவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, அடாமினபி ஊருக்குள் நுழைந்தால் பத்து மீட்டர் உயரத்தில் ஒரு டிரவுட் மீன் சிலை நிற்கும். 1973-ல் வைத்தது. இரண்டு பயணத்திலும் நான் கண்ணால் பார்த்த டிரவுட் அது ஒன்றுதான். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தூண்டில் எனக்குப் புதிதில்லை. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன். மண்புழுவைக் கோர்த்துப் போட்டு, தக்கை அமிழ்கிறதா என்று பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாட்கள் நிறைய உண்டு. கெண்டை, கெளுத்தி எல்லாம் அப்படித்தான் மாட்டும். எங்கள் மாமா மட்டும் வேறு மாதிரி. குளத்தில் விரால் பிடிக்கப் போவார். முள்ளில் தவளையைக் கோர்த்து, தாமரை இலைகளுக்கு நடுவே தத்தித் தத்திப் போவது போல இழுத்துக்கொண்டே வருவார். தண்ணீர் 'பளார்' என்று வெடிக்கும். லூர் என்று இங்கே கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் செயற்கை இரைக்கும் அதே வேலைதான். இரை செத்த பொருள். அதற்கு உயிர் இருப்பது போலக் காட்ட வேண்டியது நம் கை. ஆனால் இதை நான் புரிந்துகொண்டது மூன்றாவது பயணத்தில்தான்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1949-ல் தொடங்கி 1974-ல் முடிந்த ஸ்னோயி மலை நீர்மின், பாசனத் திட்டத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். அணை 1958-ல் கட்டி முடிந்தது. உயரம் 116 மீட்டர். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 1,00,000 பேர் அந்தத் திட்டத்தில் வேலை பார்த்திருக்கிறார்கள். பழைய அடாமினபி ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில். வீடுகளையும் தேவாலயங்களையும் லாரியில் ஏற்றி, இப்போதைய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்களாம். வறட்சி வந்து நீர் இறங்கினால் பழைய ஊரின் அடித்தளங்களும் படிக்கட்டுகளும் வெளியே தெரியும். டிரவுட்டும் இந்த மண்ணின் மீன் இல்லை. 1864-ல் இங்கிலாந்திலிருந்து ஐஸிலும் பாசியிலும் பொதிந்து கப்பலில் கொண்டுவந்த முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரித்தன. ஆஸ்திரேலியாவில் பிரவுன் டிரவுட்டின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் நீலகிரி அவலாஞ்சியிலும் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன டிரவுட் பொரிப்பகம் இருக்கிறது. குளிர்ந்த மலையைக் கண்டால் அவர்களுக்குச் சும்மா இருக்க முடியாது போலிருக்கிறது.

யூக்கம்பீனில் பிரவுன், ரெயின்போ இரண்டு வகை டிரவுட்டும் உண்டு. படகு வைத்திருப்பவர்கள் ஏரி நடுவே லூரை இழுத்துக்கொண்டே சுற்றுவார்கள். என்னிடம் படகு இல்லை. கரைதான்.

முதல் பயணம் ஜனவரி. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. காலையில் இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குக் கரைக்குப் போய், மாலை நாலு மணி வரை வீசினேன். இதைவிட மோசமான நேரத்தைத் தேடினாலும் கிடைக்காது. டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். 20-ஐத் தாண்டினால் திணறிப்போகும். கோடை வெயிலில் ஏரியின் மேல் தண்ணீர் சூடேறியதும் மீன் ஆழத்துக்குப் போய்விடும். கரையிலிருந்து வீசுகிறவனுக்கு விடியலுக்கு முன் ஒரு மணி நேரமும் பொழுது சாய்ந்த பிறகு ஒரு மணி நேரமும்தான் வாய்ப்பு. அந்த இரண்டு மணி நேரமும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் அல்லது சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தேன்.

கருவியும் தப்பு. சிட்னியில் ஒரு கடையில் 'டிரவுட்டுக்கு வேண்டும்' என்று கேட்டதற்கு, கடலில் பாறையிலிருந்து வீசுகிற கனமான ராடையும் (தூண்டில் கோல்) 20 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பையும் கட்டிக் கொடுத்தார்கள். கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை; கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தலையாட்டியது நான்தான். பருத்த நரம்பு, அதைச் சுற்றிவைக்கும் ரீலை விட்டுச் சுருள் சுருளாகக் கிளம்பும், காற்றில் வில்லாக வளையும், பத்து கிராம் லூர் பாதி தூரம்கூடப் போகாது. தெளிந்த தண்ணீரில் மீனுக்கும் அது கயிறு மாதிரித் தெரியும்.

அப்புறம் மாற்றியது இது: ஏழடி நீளத்தில், 2 முதல் 4 கிலோ வரை தாங்கும் மெல்லிய ராடு, 2500 அளவு ரீல், 6 பவுண்டு பிரெய்டு என்கிற பின்னிய மெல்லிய நரம்பு, அதன் நுனியில் ஒன்றரை மீட்டருக்கு, தண்ணீரில் எளிதில் தெரியாத 6 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர். பிரெய்டையும் லீடரையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும். இதைவிட மெலிதாக, உறுதியாக இருக்கும் முடிச்சுகள் உண்டு. ஆனால் விடியற்காலை விறைத்த விரலால் இருட்டில் போடத் தெரிந்த முடிச்சுதான் நல்ல முடிச்சு. இறுக்குமுன் எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். காய்ந்தபடி இறுக்கினால் உரசலில் நரம்பு சூடேறி அங்கேயே நொந்துபோகும்.

இரண்டாவது பயணம் ஈஸ்டர் விடுமுறையில். கூட யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். கடலில் வளர்ந்தவர், நரம்பைத் 'தங்கூசி' என்றுதான் சொல்வார். அவர் ஒரு தத்துவம் வைத்திருந்தார். "பெரிய மீன் கரைக்கு வராது அண்ணை. நாங்கள்தான் அதுகளிட்டப் போகோணும்." சரி என்று இருவரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தொடை அளவு தண்ணீரில் இறங்கி நின்று, யார் தூரமாக வீசுவது என்று போட்டி போட்டோம். 13.5 கிராம் டாஸ்மேனியன் டெவில் லூர், புது பிரெய்டு, முதுகுக்குப் பின்னால் காற்று. என் ஆயுளில் அவ்வளவு தூரம் எதையும் வீசியதில்லை. ஒரு வீச்சு போய்க்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்த பட்டுப்போன மரம் ஒன்றுக்குப் பக்கத்தில் விழுந்தது. ரெண்டு சுற்றுச் சுற்றினேன், சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், ராடை ஆட்டிப் பார்த்தேன், நரம்பைத் தளரவிட்டுப் பார்த்தேன். கடைசியில் அறுந்தது.

அந்த மஞ்சள் லூரின் வயிற்றில் மனைவியின் நகப்பூச்சை எடுத்து ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தேன். ராசிக்காக. "நல்ல ராசி" என்றார் நண்பர். திரும்பும் வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்: "எங்கட கடலில எண்டா இந்நேரத்துக்கு ஒரு கூடை பிடிச்சிருப்பம்."

மூன்றாவது தடவை மே மாதக் கடைசியில் தனியாகப் போனேன். இங்கே அது குளிர்காலத்தின் வாசல். பிரவுன் டிரவுட் முட்டையிட ஆறுகளுக்குள் ஏறும் காலம். ஏரியில் இருக்கிறவையும் கரையோரம் சுற்றும். தண்ணீர் மேலேயும் கீழேயும் ஒரே குளிராக இருப்பதால் ஆழத்துக்குப் போகவேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. வண்டியை விட்டு இறங்கியபோது மணி ஐந்தே முக்கால். கண்ணாடியில் உறைபனி. நாலைந்து வீச்சுக்குள் ராடின் வளையங்களில் ஐஸ் கட்டிக்கொண்டு நரம்பு நகர மறுத்தது. ராடைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தால் கரைந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். காற்றைவிட ஏரித் தண்ணீர் வெதுவெதுப்பு.

வழக்கம்போல முழங்காலளவு இறங்கி நின்று தூரமாக வீசிக்கொண்டிருந்தேன். வெளுக்கும் நேரத்தில் ஒரு முதியவர் நாயோடு வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். வணக்கம் சொல்லிவிட்டு, நான் நின்ற இடத்துக்கு முப்பது தப்படி தள்ளி, தண்ணீரிலிருந்து ஏழெட்டு அடி பின்னாலேயே நின்றுகொண்டார். அங்கிருந்து கரையை ஒட்டி, கரைக்கு இணையாக, சும்மா பதினைந்து மீட்டருக்கு ஒரு வீச்சு. இரண்டாவது வீச்சில் ராடு வளைந்தது.

மீனை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் மீன் மேலேயே நிற்கிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். டிரவுட் கரைக்கு வருவது சாப்பிட. யாபி என்கிற நன்னீர்ச் சிங்கிறால், தட்டானின் இளம்புழு, சின்ன மீன்கள் எல்லாம் இருப்பது கல்லும் புல்லும் உள்ள ஓரத் தண்ணீரில்தான். வெளிச்சம் மங்கலாக இருக்கும்வரை முழங்காலளவு தண்ணீரில்கூடப் பெரிய மீன் மேயும். நாம் போய் அந்த இடத்தில் காலை வைத்ததும், கல் உரசுகிற சத்தத்திலேயே அது ஆழத்துக்குப் போய்விடும். அதன்பிறகு அறுபது மீட்டர் வீசி என்ன பயன்? மீன் இருந்த இடத்தில் நின்றுகொண்டு, மீன் இல்லாத இடத்தில் தூண்டில் போடுகிறோம்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. விரால் பிடிக்கப் போகும்போது மாமா குளத்தங்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பார். நிழல் தண்ணீரில் விழாமல் சுற்றிக்கொண்டு வருவார். அதெல்லாம் தெரிந்த பிள்ளைதானே நான்.

முதியவர் போனபிறகு இருநூறு அடி தள்ளிப் புது இடம் பிடித்தேன். கரையில் ஒரு பாறை முனை. ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் தண்ணீர் சட்டென்று கறுத்து ஆழமாகும் சரிவு. பத்தடி பின்னால் நின்று முதல் வீச்சு இடப்புறம், கரையை ஒட்டி. அடுத்தது வலப்புறம். பிறகு விசிறி விரிப்பது போல ஒவ்வொன்றாக உள்ளே. ஒரு இடத்தில் ஏழெட்டு வீச்சு. பத்துத் தப்படி நகர்ந்து மறுபடியும் ஏழெட்டு. ஒரே இடத்தில் நின்று நூறு வீச்சு வீசுவதைவிட இப்படி நடப்பதில்தான் பலன். உடம்பும் சூடாக இருக்கும்.

ஐந்தாவது இடத்தில், லூர் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தபோது, தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் போலராய்டு கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். லூருக்கு ஒரு முழம் பின்னால் ஒரு நிழல். லூர் ஆடுகிற அதே வேகத்தில் அதுவும் வந்தது. நான் திகைத்துப்போய் சுற்றுவதை நிறுத்தி, லூரைத் தூக்கிவிட்டேன். அது ஒரு நொடி நின்றது. முதுகில் புள்ளிகள் தெரிந்தன. திரும்பி, அவசரமே இல்லாமல் ஆழத்துக்குள் இறங்கிப் போயிற்று.

அதுவரை எத்தனை மீன் இப்படிப் பின்தொடர்ந்து வந்து, நான் பார்க்காமலே திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிந்தது. டிரவுட் லூரை வெகுதூரம் தொடரும். கடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது பெரும்பாலும் தண்ணீர் குறைந்துகொண்டே வரும் அந்தக் கடைசி மூன்று நான்கு மீட்டரில். நாம் பெரும்பாலும் அந்த மூன்று மீட்டரை வேகமாகச் சுற்றி, அடுத்த வீச்சுக்குத் தயாராகிவிடுகிறோம்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. லூர் கிட்டே வந்ததும் சுற்றுவதைக் குறைத்து, ராடை நுனி தாழ்த்தி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் இழுப்பேன். லூர் திசை மாறும். நேராக வந்துகொண்டிருந்த இரை திடீரென்று ஓரமாகத் தப்பி ஓடுவது போலிருக்கும். பிறகு ஒரு நொடி நிறுத்தம். லூர் தலைகுப்புறச் சாயும். மறுபடி ஒரு சின்ன இழுப்பு. பாதிக் கடி அந்த நிறுத்தத்தில்தான் வரும்.

அன்று காலை ஏழேகாலுக்கு அப்படித்தான் ஒன்று மாட்டியது, என் பூட்ஸிலிருந்து பத்தடி தூரத்தில். நரம்பு கிறீச்சென்று ஓடியது. மூன்று தடவை ஓடி, களைத்து, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு கிட்டே வந்தது. வலை? வலை வண்டியில் இருந்தது. இரண்டு பயணமாகத் தேவைப்படாத வலையை எதற்குச் சுமப்பது என்று விட்டுவிட்டு வந்திருந்தேன். ராடோடு தூக்க முயன்றேன். தண்ணீரில் இருக்கும்வரை மீனுக்கு எடையே இல்லை. வெளியே வந்ததும் முழு எடையும் நரம்புக்கும் முள்ளுக்கும் வந்துவிடும். ஒரு உதறு. லூர் என் தொப்பியில் வந்து மாட்டியது.

வலை இல்லையென்றால் தூக்கவே கூடாது. ராடை வளைத்தபடியே பின்பக்கமாக நடந்து, சரிவான கரையில் மீனை வழுக்கிக்கொண்டு வரவேண்டும். அரை மணி நேரம் கழித்து மாட்டிய இரண்டாவதை அப்படித்தான் கரையேற்றினேன். 43 சென்டிமீட்டர் பிரவுன். வெண்ணெய் நிற வயிறு, பக்கத்தில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம். கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன்.

சரி, லூருக்கு வருவோம். கடையில் முந்நூறு தினுசு தொங்கும். என் பெட்டியில் இப்போது நாலு வகைதான். டாஸ்மேனியன் டெவில் முதலில். ஈயம் வைத்த, சிறகு மாதிரி வளைந்த பிளாஸ்டிக் உடல். நடுவே ஒரு கம்பி, வாலில் முள். மெதுவாகச் சுற்றினாலே இடுப்பை ஆட்டிக்கொண்டு வரும். காற்று எதிரே அடித்தால் 13.5 கிராம், இல்லையென்றால் 7 கிராம். பலர் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, நரம்பையே உடலுக்குள் கோர்த்து, ஒரு பாசிமணியும் வைத்து முள்ளைக் கட்டுகிறார்கள். நானும் அப்படித்தான். மீன் தலையை உதறும்போது உடல் நரம்பில் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். அந்தக் கனத்தை வைத்து முள்ளைக் கழற்ற மீனால் முடியாது. தொப்பியில் மாட்டிய லூர் சொல்லிக்கொடுத்த பாடம்.

அடுத்தது, மூழ்கும் வகை மின்னோ, சின்ன மீன் வடிவ லூர். ரபாலாவின் கவுண்ட்டவுன் என்பது விநாடிக்கு ஏறத்தாழ ஓர் அடி இறங்கும் கணக்கில் செய்தது. தண்ணீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதல் வீச்சில் தரை தட்டும்வரை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டில் தட்டினால் அடுத்த வீச்சில் ஆறில் சுற்றத் தொடங்குங்கள். தரைக்கு இரண்டடி மேலே வரும். படகுக்காரர்களிடம் ஆழம் காட்டும் கருவி இருக்கிறது, நமக்கு இந்த எண்ணிக்கைதான். மூன்றாவது, இலை சுழலும் ஸ்பின்னர். நரம்பை முறுக்கிவிடும் என்பதால் அதற்கு மட்டும் ஸ்விவல் என்கிற சுழலும் இணைப்பு கட்டாயம். நாலாவது சாஃப்ட் பிளாஸ்டிக், ரப்பர் மாதிரி மெத்தென்ற இரை, புல்லுக்குள் போட.

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு சாஸ்திரம் வைத்திருக்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் கறுப்போ அடர் நிறமோ, குளிர்கால பிரவுனுக்கு இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள், வெயில் ஏறினால் இயற்கை நிறம். இவ்வளவுதான் என் அறிவு. நிறத்தை மாற்றுவதற்கு முன் வேகத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் வேகம்தான் தப்பு. அதுவும் அதிக வேகம்.

டிராக், அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம். அதை வைப்பதற்கு ஒரு வீட்டு வைத்தியம். 6 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 2.7 கிலோ தாங்கும். டிராக் அதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். ஒரு தண்ணீர் பாட்டிலில் முக்கால் லிட்டர் பிடித்து, நரம்பின் நுனியில் கட்டி, ராடை வளைத்து மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும் அந்தக் கணத்தில் ரீல் நரம்பை விட ஆரம்பிக்க வேண்டும். எங்கள் சமையலறையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது, "என்னங்க, பாட்டிலையும் பிடிக்க முடியலையா?" என்று கேட்டாள் மனைவி.

காற்றைக் கண்டு பயந்து மறைவான கரைக்குப் போவதும் நான் செய்த தப்பு. காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அங்கேதான் பூச்சியும் இரையும் ஒதுங்கும்; அலையில் கரைத் தண்ணீர் கலங்கும், மீனுக்குத் தைரியம் வரும். முகத்தில் அறைகிற காற்றில் வீசுவது கஷ்டம்தான். ஆனால் பத்து மீட்டர் வீசினால் போதும் என்று தெரிந்தபிறகு அந்தக் கஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை. பெரிய அலையோ இடியோ என்றால் கதை வேறு, வண்டிக்குள் போய்விடுங்கள். கையில் இருப்பது மின்சாரம் கடத்தும் கார்பன் ராடு.

சேற்றைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் நீரை விட விட, ஏரி மட்டம் இறங்கிக்கொண்டே வரும். புதிதாக வெளிப்பட்ட கரை மேலே காய்ந்து வெடித்து, பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும். ஒரு தடவை குறுக்கு வழி என்று அதில் நடந்தேன். நாலாவது அடியில் வலது கால் முழங்கால் வரை போயிற்று. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அதுவும் போயிற்று. என் போனில் சிக்னல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை இரண்டு கங்காருக்கள்தான். கொஞ்ச நேரம் திமிறிவிட்டு, அப்புறம் மல்லாக்கப் படுத்து, எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக ஆட்டி ஆட்டி உருவினேன். ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போதெல்லாம் கல்லும் சரளையும் தெரியும் இடத்தில் மட்டும் நடக்கிறேன். எந்தக் கரைக்குப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுக் கிளம்புகிறேன். கோடையில் கரைப்புல்லில் பாம்பும் உண்டு. மாலையில் திரும்பும்போது கங்காரு குறுக்கே பாயும், மெதுவாக ஓட்டுங்கள்.

சட்டம் சுருக்கமாக. நியூ சவுத் வேல்ஸில் பதினெட்டு வயதுக்கு மேல் மீன்பிடி அனுமதிச்சீட்டு வேண்டும். நான் எடுத்தபோது மூன்று நாளுக்கு 7 டாலர், ஓராண்டுக்கு 35. ஏரியில் ஒரு நாளைக்கு ஐந்து டிரவுட், குறைந்தது 25 சென்டிமீட்டர். ஏரி ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆனால் அதில் வந்து விழும் ஆறுகள் ஜூன் நீண்ட வாரயிறுதி விடுமுறையிலிருந்து அக்டோபர் நீண்ட வாரயிறுதி வரை முட்டையிடும் மீனுக்காக மூடப்படும். ஏரி முடிந்து ஆறு தொடங்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் முகத்துவாரங்களில் நிற்காதீர்கள்.

ஐந்து பிடிக்கலாம் என்பதற்காக ஐந்தையும் கொண்டுவர வேண்டியதில்லை. நான் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். விடப்போகிறீர்கள் என்றால் மும்முனை முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் போட்டு, அதன் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். படம் எடுக்கும்வரை மீன் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். தின்னப்போகிறீர்கள் என்றால் தலையில் ஒரே அடி, உடனே செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, ஐஸில்.

முதல் மீனை வயிறு கிழித்தபோது உள்ளே யாபியின் கொடுக்கு ஒன்று முழுசாக இருந்தது. சதை நல்ல ஆரஞ்சு நிறம். அந்தச் சிங்கிறாலைத் தின்று வருகிற நிறம்தான். முதுகெலும்பை ஒட்டி ஒரு கறுப்பு ரத்தக்கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுக்காவிட்டால் கசக்கும். செதில் பொடிப்பொடி, சீவவே வேண்டாம். மனைவி தூத்துக்குடிக்காரி, மீன் என்றதும் புளி கரைத்துவிட்டாள். குழம்பில் போட்ட டிரவுட் கால் மணி நேரத்தில் கரைந்து, முள் மட்டும் மிதந்தது. "இது மீனா, பஞ்சா?" என்றாள். அடுத்த முறை மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, எலுமிச்சை தடவி, தோல் பக்கம் தோசைக்கல்லில் படும்படி போட்டு, தோல் மொறுமொறுப்பாகும்வரை திருப்பாமல் விட்டோம். அதற்கு அவளே ஒரு தட்டு அதிகம் கேட்டாள்.

இப்போது எனக்குப் பிடித்த காலம் அக்டோபர். பனி உருகி ஏரி ஏறும். போன வாரம் தரையாக இருந்த புல்மேடு இந்த வாரம் ஓரடித் தண்ணீரில் கிடக்கும். வளைக்குள் தண்ணீர் புகுந்து மண்புழுக்கள் வெளியே வரும். அதைத் தின்ன பிரவுன் டிரவுட் முதுகு வெளியே தெரியும் அளவுக்குக் கரைக்கு வந்துவிடும். புல் அசைவதைப் பார்த்துத்தான் வீச வேண்டும். நண்பரை அப்போது மறுபடி கூட்டிப்போனேன். முட்டிபோட்டு உட்கார்ந்து, எட்டு மீட்டர் தள்ளிப் புல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் புழுவைப் போட்டவர், மீனைக் கரையேற்றிய பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கடலில இப்பிடி இல்லை" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, ஏரி நன்றாக இறங்கியிருந்த ஒரு மார்ச் மாதம், அதே ஈஸ்டர் இடத்துக்குப் போனோம். அன்று எங்களுக்குத் தொடை அளவு தண்ணீர் இருந்த இடம் இப்போது சரளை மேடு. அந்தப் பட்டுப்போன மரம் அடிவரை தெரிந்தது, சுற்றிலும் கல். கிளைகளில் ஏழெட்டு லூர் தொங்கின, எத்தனை பேருடைய நல்ல வீச்சோ. அதில் ஒன்று மஞ்சள். முள் துருப்பிடித்துப் பாதியாகியிருந்தது. வயிற்றைத் திருப்பினேன், நகப்பூச்சுப் பொட்டு லேசாக மங்கி, அப்படியே இருந்தது.

அன்று நான் நின்ற இடத்திலிருந்து மரம் வரைக்கும் நண்பர் தப்படி போட்டு எண்ணினார். அறுபத்திரண்டு. எண்ணிக்கொண்டு திரும்பி வந்தவர், வழியில், நாங்கள் நின்ற இடத்துக்குக் கிட்டத்தட்டப் பன்னிரண்டு தப்படியில், ஒரு பள்ளத்தைக் காட்டினார். பழைய ஓடைத் தடம். இரண்டு பக்கமும் கல் அடுக்கு, நடுவே மணல், காய்ந்துபோன யாபி ஓடுகள். கரைக்கு இணையாக நூறு மீட்டருக்கு ஓடியது. நாங்கள் அன்று முழுநாளும் அதற்கு மேலாக வீசியிருக்கிறோம்.

அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். நான் லூரின் முள்ளை மாற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.